பழங்களஞ்சியங்களும் பொதுப்பணமும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவன அரண்மனைகளும் கோட்டைகளும் வழிபாட்டிடங்களுமேயாம். அரசர் வாழ்ந்த மாடமும், அமைச்சர் கூடிய மண்டபமும், அடியார் தொழுத ஆலயமும் ஏட்டிலும் கல்லிலும் இடம்பெற்று விடுகின்றன. ஆயின், அந்த அரசனுக்கும் அமைச்சனுக்கும் அடியவனுக்கும் உணவளித்த தானியம் எங்கே தங்கியிருந்தது என்று கேட்பார் மிகச் சிலர். கதிரடித்த களமும், கோதுமை குவித்த களஞ்சியமும், பனிக்காலம் முழுவதும் பசுக்கள் கட்டுண்டு நின்ற தொழுவமும் பேசாமல் நின்று, பேசாமலே இடிந்து போவனவாகும்.

இவ்வாறு பேசாது நின்ற கட்டடங்களுக்காக ஒரு நாடு தன் பொதுப்பணத்தைச் செலவிட முன்வந்த வரலாறு இங்கிலாந்து தேசத்திற்கு உரியது. அவ்வரலாறு எளிதாக நிகழ்ந்த ஒன்றன்று. தனியொரு கமக்காரனுக்குச் சொந்தமான பழந்தொழுவத்தின் கூரையைச் செப்பனிடுவதற்கு, அதனை ஒரு நாளும் கண்டிராத நகரவாசி ஏன் வரி இறுக்க வேண்டும் என்ற வினா அதன் நடுவே நின்றது. அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளையும், அவ்விடைகளின் குறைகளையும் நோக்குவது பயனுடைத்து.

முதலில் அக்கட்டடங்கள் எத்தகையன என்பதை அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் பழங்களஞ்சியங்களுள் தலையாயவை மடங்களுக்கும் பெருநிலக்கிழார்க்கும் உரியனவாக எழுந்தவை. முன்னாளில் பார்க்‌ஷயரைச் சேர்ந்ததும், இப்போது ஒக்ஸ்போட்ஷயரில் அடங்கியதுமான கிறேற் கொக்ஸ்வெல் என்னும் சிற்றூரிலே ஒரு களஞ்சியம் உண்டு. 1204ஆம் ஆண்டளவில் யோன் மன்னன் நிறுவிய பியூலி மடத்துத் துறவியர், தமக்குக் கிடைத்த பண்ணை நிலத்தின் விளைவைச் சேமிப்பதற்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனைக் கட்டினர். நீளம் 152 அடி. அகலம் 44 அடி. உயரம் 48 அடி. வெளியே கற்சுவரும், உள்ளே இரு வரிசையாக நிற்கும் ஓக்கு மரத் தூண்களும், அவற்றின் மேல் ஏறிச்செல்லும் தீராந்திகளும் கைமரங்களும் சேர்ந்து, உட்புகுவோரை ஒரு பேராலயத்துள் நிற்பதாக எண்ணச் செய்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் கவிஞரும் கைப்பணிக் கலைஞருமான வில்லியம் மொறிஸ், அண்மையிலுள்ள கெம்ஸ்கொற் ஊரில் வாழ்ந்த காலத்தில், இதனை நாட்டின் மிகச் சிறந்த கட்டடங்களுள் வைத்துப் போற்றினார்.

எசெக்ஸ் மாகாணத்துக் கிறெசிங் ரெம்பிள் என்னுமிடத்தில், சிலுவைப்போர் வீரராகிய தெம்பிளர் சபையினரின் பண்ணையிலே இரு பெருங் களஞ்சியங்கள் உள்ளன. ஒன்று வாற்கோதுமைக் களஞ்சியம். மற்றொன்று கோதுமைக் களஞ்சியம். இரண்டும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்ற அம்மரச்சட்டங்களை ஆராய்ந்தே, அக்காலத் தச்சர் மரத்தை எவ்வாறு அறுத்தனர், எவ்வாறு பொருத்தினர், முளைகளை எங்கே அறைந்தனர் என்பவற்றை இன்றைய அறிஞர் அறிந்து கொண்டனர். எழுத்தறியாத தச்சன் விட்டுச்சென்ற ஏடு அவன் செய்த பொருத்தேயாம். 1987ஆம் ஆண்டில் எசெக்ஸ் மாகாண சபை அவ்விடத்தை விலைக்கு வாங்கிப் பொதுவுடைமை ஆக்கியது.

இவை போன்ற களஞ்சியங்கள் வெறும் சேமிப்பறைகள் அல்ல. தொழில் நடந்த கூடங்கள். நடுவே கதிரடிக்கும் தளமும், அதன் இருபுறத்தும் எதிரெதிராகப் பெருங்கதவுகளும் அமைந்திருந்தன. அறுவடைக் காலத்தில் பாரமேற்றிய வண்டி ஒரு கதவால் உட்புகுந்து, பாரம் இறக்கி, மறு கதவால் வெளியேறும். பனிக்காலம் வந்ததும், தோல்வாரினால் இணைத்த இரு கோல்களைக் கொண்டு கூலியாட்கள் நாள்தோறும் கதிரடிப்பர். இரு கதவுகளையும் திறந்து விட்டால் குறுக்கே வீசும் காற்று பதரை அகற்றும். மணி தளத்திலே தங்கும். கட்டடத்தின் வடிவம் வேலையின் வடிவத்தையே தழுவி நின்றது.

தென்னாட்டு மடங்களின் பெருங் களஞ்சியங்கள் இவ்வாறிருக்க, வடநாட்டு மலைப்பள்ளத்தாக்குகளிலே வேறொரு வகைக் கட்டடம் பெருகியது. யோர்க்‌ஷயர் டேல்ஸ் எனப்படும் பள்ளத்தாக்குகளில், குறிப்பாக சுவேல்டேல் பகுதியில், புல்வெளிக்கு ஒன்றாகக் கற்கட்டடங்கள் சிதறி நிற்கின்றன. அத்தேசியப் பூங்காவினுள் இவ்வாறான வயற்களஞ்சியங்கள் ஏறத்தாழ 6,000 உள என்பர். அவற்றுட் பெரும்பாலானவை 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளிலே எழுந்தவை. அவற்றைச் சூழ்ந்து சாந்தின்றி அடுக்கிய கல்வேலிகள் மலைச்சரிவெங்கும் ஓடுகின்றன.

புறத்தே நோக்குவார்க்கு இவை வெறுங் கற்குடில்களே. உள்ளே நுழைந்து நோக்குவார்க்கோ, ஒரு நுண்ணிய பொருளாதாரம் புலனாகும். கோடையில் அப்புல்வெளியிலே வெட்டி உலர்த்திய புல், அக்களஞ்சியத்தின் ஒரு பகுதியிலும் மேற்பரணிலும் அடுக்கப்படும். கார்த்திகை தொடங்கி வைகாசி வரை நான்கைந்து பசுக்கள் கீழே கட்டப்பட்டிருக்கும். பரணிலிருந்து இறக்கிய புல்லை அவை தின்னும். அவை இட்ட எரு, பனி நீங்கியபின் அதே வெளிக்குப் பசளையாகும். புல்லைத் தொலைவுக்குச் சுமக்க வேண்டியதில்லை; எருவையும் தொலைவுக்குச் சுமக்க வேண்டியதில்லை. கமக்காரன் மாத்திரம் நாளிலே இருமுறை பனியிலும் மழையிலும் நடந்து சென்று, பால் கறந்து, தீனியிட்டு, நீர் காட்டித் திரும்புவான். மனிதன் நடந்தான், பாரம் நடக்கவில்லை. வண்டி ஏறமாட்டாத மலைச்சரிவுக்கு அதுவே ஏற்ற முறையாயிருந்தது.

அண்டை நாடாகிய ஏரிப்பிரதேசத்தில் மலைச்சரிவையே மாடிப்படியாகக் கொண்ட கட்டடங்கள் எழுந்தன. சரிவின் மேற்புறத்தால் வண்டி நேரே மேல்மாடிக்குச் செல்லும். கீழ்ப்புறத்தால் மாடுகள் கீழறைக்குச் செல்லும். நிலத்தின் குறையை நிலத்தின் உதவியாக மாற்றிய அறிவு அதிலே விளங்குகின்றது. சிற்பநூல் கற்ற எவரும் அவற்றிற்குப் படம் வரைந்து கொடுக்கவில்லை. அவ்வூர்க் கல்லும், அவ்வூர் மரமும், அவ்வூர்த் தொழிலாளியின் கையும் சேர்ந்து அவற்றை எழுப்பின.

இத்தகைய கட்டடங்கள் ஏன் கைவிடப்பட்டன? முதல் அடி கதிரடிக்கும் யந்திரத்தினால் விழுந்தது. 1786ஆம் ஆண்டளவில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அன்ட்றூ மீக்கில் என்பவர் பயன்படத்தக்க கதிரடி யந்திரமொன்றை அமைத்தார். பனிக்காலம் முழுவதும் கூலியாட்களுக்குச் சோறிட்ட வேலை சில நாட்களில் முடியத் தொடங்கியது. 1830ஆம் ஆண்டிலே கென்ற் மாகாணத்தில் மூண்டு தென்னிங்கிலாந்தெங்கும் பரவிய கிளர்ச்சியிற் கூலியாட்கள் அவ்யந்திரங்களைத் தேடித் தேடி உடைத்தமைக்கு இதுவே ஒரு பெருங் காரணம். கதிரடிக்கும் தளம் ஏழையின் பனிக்கால வாழ்வாக இருந்தது என்பதை அக்கிளர்ச்சி காட்டுகின்றது.

எனினும் கட்டடங்கள் உடனே அழியவில்லை. 1870ஆம் ஆண்டுகளில் தொடங்கிய நெடிய கமத்தொழில் வீழ்ச்சியிலே புதிதாகக் கட்டுவதற்குப் பணமில்லாத கமக்காரர் பழையவற்றையே ஒட்டியும் முட்டுக்கொடுத்தும் பயன்படுத்தினர். வறுமை சிலவேளை பழமைக்குக் காவலாயமைவதும் உண்டு. உண்மையான மாற்றம் இரண்டாம் உலகப்போரின் பின்னரே நேர்ந்தது. வயலிலேயே அறுத்து, அடித்து, தூற்றி முடிக்கும் கூட்டறுவடை யந்திரம் பரவியதும் கதிரடிக்கும் தளத்துக்கு வேலையில்லாது போயிற்று. உழவுயந்திரம் பழங்கதவினுள் நுழைய மறுத்தது. பாற்பண்ணைகள் பெருகி, பசுக்கள் ஒரே பெருங்கொட்டிலிற் சேர்க்கப்பட்டபோது, நான்கு பசுக்களுக்கான வயற்களஞ்சியம் வீணாகியது.

இவ்விடத்திலே ஒரு விந்தை நோக்கற்பாலது. பழங்கட்டடங்களின் வீழ்ச்சியை விரைவுபடுத்தியதிற் பொதுப்பணத்துக்கும் பங்குண்டு. போர்க்காலப் பஞ்ச அச்சத்தை மறவாத அரசினர், 1947ஆம் ஆண்டுக் கமத்தொழிற் சட்டத்தினால் விளைபொருட்களுக்கு உறுதியான விலையை வழங்கினர். 1957ஆம் ஆண்டிலே தொடங்கிய பண்ணை மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், புதிய பண்ணைக் கட்டடங்கள் முதலிய நிலையான மேம்பாடுகளின் செலவில் மூன்றிலொரு பங்கை அரசு ஏற்றது. கொங்கிறீற்றும் உருக்கும் அஸ்பெஸ்தோஸ் தகடும் நாட்டுப்புறமெங்கும் எழுந்தன. மக்களுக்கு உணவு வேண்டும் என்ற நன்னோக்கத்திலேயே அது செய்யப்பட்டது. அதனைக் குறைகூறுதல் எளிது. உணவுப் பங்கீட்டுச் சீட்டோடு வரிசையில் நின்ற தலைமுறைக்கு அது குறையாகத் தோன்றவில்லை. ஆயினும், புதியதைக் கட்ட மானியமுண்டு, பழையதைப் பேண மானியமில்லை என்ற நிலையிற் கமக்காரன் எதனைத் தெரிவான் என்பது சொல்லாமலே விளங்கும்.

பழமையைக் காக்கும் இயக்கம் அந்நாட்டில் இல்லாமலில்லை. 1877ஆம் ஆண்டிலே வில்லியம் மொறிஸும் கட்டடக் கலைஞர் பிலிப் வெப்பும் பிறரும் சேர்ந்து பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். பழையதைப் புதியதாக்கிப் பொலிவுபடுத்துதல் பாதுகாப்பாகாது. நாள்தோறும் சிறிது சிறிதாகப் பேணுதலே பாதுகாப்பாகும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. 1882ஆம் ஆண்டில் முதலாவது தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1947ஆம் ஆண்டு நகர், நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தினால் வரலாற்றுக் கட்டடங்களுக்கு அட்டவணை எழுதும் பணி உறுதிபெற்றது. 1953ஆம் ஆண்டுச் சட்டம், சிறப்புமிக்க கட்டடங்களின் செப்பனீட்டுக்கு அரசு மானியம் வழங்க வழிசெய்தது.

ஆனால் இந்த 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண் எங்கே நோக்கியது என்பதைக் கவனித்தல் வேண்டும். வரிச்சுமையால் இடிந்து கொண்டிருந்த பிரபுக்களின் மாளிகைகளை எவ்வாறு காப்பது என்று ஆராய்ந்த குழுவொன்றின் 1950ஆம் ஆண்டு அறிக்கையே அதற்குத் தூண்டுகோலாயிற்று. ஆகவே மாளிகைக்கு வழி பிறந்தது. கிறேற் கொக்ஸ்வெல் போன்ற ஒப்பற்ற களஞ்சியத்துக்கும் மதிப்பு இருந்தது. அதனை 1956ஆம் ஆண்டில் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மலைச்சரிவிலே நின்ற ஆயிரக்கணக்கான பெயரற்ற வயற்களஞ்சியங்களோ அந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை. தனித்தனியே நோக்கினால் அவற்றுள் எதுவும் ஒப்பற்றதன்று. எல்லாம் சேர்ந்து நிற்கும்போதே அவை ஒப்பற்றவை. ஒரு முத்தை மதிக்கத் தெரிந்த சட்டத்துக்கு ஒரு மாலையை மதிக்கத் தெரியவில்லை.

திருப்பம் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வந்தது. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே கிழக்கிங்கிலாந்தின் ஹல்வகேற் சதுப்பு மேய்ச்சல் நிலங்களை உழுது தானிய நிலமாக்க முயன்றபோது, பெருந்தர்க்கம் எழுந்தது. மேய்ச்சல் நிலத்தை மேய்ச்சல் நிலமாகவே வைத்திருக்கும் கமக்காரனுக்கு அதற்காகவே கொடுப்பனவு செய்தால் என்ன என்ற எண்ணம் அங்கே 1985ஆம் ஆண்டிற் பரீட்சிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஐரோப்பிய பொருளாதார சமூகத்தின் ஒழுங்குவிதி ஒன்று இத்தகைய திட்டங்களுக்கு இடமளித்தது. 1986ஆம் ஆண்டுக் கமத்தொழிற் சட்டம் அதனை உள்நாட்டுச் சட்டமாக்கியது. 1987ஆம் ஆண்டிலே சூழல் நுண்ணுணர்வுப் பிரதேசங்கள் என்ற பெயரில் இங்கிலாந்தில் முதல் ஐந்து பகுதிகள் குறிக்கப்பட்டன. யோர்க்‌ஷயர் டேல்ஸின் பள்ளத்தாக்குகளை உள்ளடக்கிய பெனைன் டேல்ஸ் அவற்றுள் ஒன்று. ஏரிப்பிரதேசம் 1993ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது.

கமக்காரன் விளைவிக்கும் பாலுக்கும் இறைச்சிக்கும் மட்டுமன்றி, அவன் பேணிவரும் நிலத்தோற்றத்துக்கும் விலையுண்டு என்பதே இத்திட்டத்தின் உட்பொருள். கல்வேலியும் களஞ்சியமும் அந்நிலத்தோற்றத்தின் உறுப்புக்களாதலால், அவற்றைச் செப்பனிடும் மானியங்களும் காலப்போக்கிற் சேர்க்கப்பட்டன. 1989ஆம் ஆண்டிலே சுவேல்டேலும் அதன் கிளையாகிய ஆர்க்கன்காத்டேலும் களஞ்சியங்களுக்கும் கல்வேலிகளுக்குமாகவே பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. ஊரையோ தெருவையோ பாதுகாப்பதற்கு எழுந்த சட்டமுறை, ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் நீட்டப்பட்டமை அந்நாட்டிற் புதுமையாயிருந்தது. 1991ஆம் ஆண்டிலே தொடங்கிய நாட்டுப்புறப் பராமரிப்புத் திட்டம், சிறப்புப் பிரதேசங்களுக்கு வெளியேயுள்ள கமக்காரருக்கும் வழிதிறந்தது.

மானியம் எவ்வாறு வழங்கப்பட்டது என்பதும் அறியத்தக்கது. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய சூழற் பராமரிப்புத் திட்டத்தின் உயர்படியில், பழம்பண்ணைக் கட்டடச் செப்பனீட்டுக்குச் செலவின் நூற்றுக்கு 80 பங்கு வரை அரசு கொடுத்தது. எஞ்சியது கமக்காரன் பொறுப்பு. ஆனால் பணத்தோடு நிபந்தனைகளும் வந்தன. பழங்கட்டடத்தில் எப்பொருள் இருந்ததோ அப்பொருளே மீண்டும் இடப்பட வேண்டும். கற்பலகைக் கூரைக்குக் கற்பலகையே வேண்டும், தகடு ஆகாது. சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து வேண்டும், சீமெந்து ஆகாது. கட்டடம் கமத்தொழிலுக்கே பயன்பட வேண்டும். மானியம் பெற்றுக் குடிமனையாக மாற்றுதல் கூடாது. வௌவாலும் களஞ்சிய ஆந்தையும் அங்கே தங்கியிருப்பின், அவற்றைக் கலைக்காத வகையில் வேலைக்குரிய காலத்தைத் தெரிதல் வேண்டும்.

இந்நிபந்தனைகள் வீண் பிடிவாதங்கள் அல்ல. பழங்கற்சுவர் ஈரத்தை உறிஞ்சி, மீண்டும் வெளியே விடும் இயல்பினது. சுண்ணாம்புச் சாந்து அதற்கு இடங்கொடுக்கும். இறுகிய சீமெந்துப் பூச்சு ஈரத்தைச் சுவரினுள்ளே சிறைப்படுத்தி, உறைபனிக் காலத்திற் கல்லையே பிளக்கச் செய்யும். கூரைக் கற்பலகைகளிலும் ஒரு முறையுண்டு. இறப்போரத்திற் பெரியனவும், மேலே செல்லச் செல்லச் சிறியனவுமாக அவை அடுக்கப்படும். அப்பாரத்தைத் தாங்கும் கைமரங்கள் வலியனவாயிருத்தல் வேண்டும். இத்தொழில் அறிந்த முதியோர் மறைந்தால், கட்டடம் நின்றாலும் அதனைப் பேணும் அறிவு நில்லாது. ஆகவே மானியம் கல்லுக்கு மட்டுமன்றிக் கைக்கும் கொடுக்கப்பட்டது எனலாம்.

இனி, முதலிற் குறித்த வினாவுக்கு வருதல் தகும். பொதுப்பணத்தினாற் செப்பனிடப்பட்ட கட்டடம் தனியொருவனின் உடைமையாகவே இருந்தது. நோயாளிக்கு மருந்தும் பிள்ளைக்குப் பள்ளியும் வேண்டிய நாட்டில், மாடில்லாத தொழுவத்துக்குக் கூரையிடுவது அறமா என்று கேட்டோரை அறியாதோர் என்று தள்ளிவிட இயலாது. திறைசேரியின் ஒவ்வொரு பவுணுக்கும் வேறோர் உரிமையாளர் காத்திருக்கிறார்.

அவ்வினாவுக்கு மூவகையான விடைகள் கூறப்பட்டன. முதலாவது, களஞ்சியத்தின் சுவர் கமக்காரனுக்குச் சொந்தமாயினும் அதன் தோற்றம் ஊருக்குச் சொந்தம் என்பது. நடைபாதையிற் செல்வோன் கட்டணமின்றிக் கண்டு மகிழும் பள்ளத்தாக்கை எந்தச் சந்தையும் விலைக்கு விற்பதில்லை. விற்பனையாகாத நன்மையைச் சந்தை பேணாது. பேணுவதாயிற் பொதுப்பணமே பேண வேண்டும். ஏரிப்பிரதேசம் 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது, அதன் ஏரிகளும் மலைகளும் மட்டுமன்றி, அங்கு நெடுங்காலம் நிலைத்த மேய்ச்சற் பண்ணைமுறையும் சிறப்பாகக் கருதப்பட்டது.

இரண்டாவது விடை கணக்கோடு வந்தது. ஏரிப்பிரதேசத்திலே 1998ஆம் ஆண்டுக்கும் 2004ஆம் ஆண்டுக்கும் இடையிற் செப்பனிடப்பட்ட 655 பண்ணைக் கட்டடங்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ 62 இலட்சம் பவுண் அவற்றிற் செலவாகியிருந்தது. அப்பணம் உள்ளூர்க் கல்லுடைப்போருக்கும், தச்சருக்கும், கொத்தருக்கும், கடைக்காரருக்குமாகக் கைமாறிச் சென்றதனால், திட்டத்திற் செலவிட்ட ஒவ்வொரு பவுணுக்கும் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் 2.49 பவுண் அளவான நடமாட்டம் உண்டாயிற்று என அவ்வாய்வு கணித்தது. 2001ஆம் ஆண்டிலே கால்வாய் நோய் கம்பிரியா மாகாணத்து மந்தைகளைப் பேரளவில் அழித்தது என்பதை நினைவிற் கொண்டால், அவ்வாண்டுகளில் மலைநாட்டு ஊர்களுக்கு அவ்வேலை எத்துணை பெறுமதியுடையது என்பது விளங்கும்.

மூன்றாவது விடை அறிவைப் பற்றியது. அரண்மனையைக் கொண்டு அரசனின் வாழ்வை அறியலாம். பெரும்பான்மையான மக்களின் வாழ்வை அறியக் களஞ்சியமே சான்று. பசு கட்டிய இடத்தின் அகலம் அக்காலப் பசுவின் பருமனைச் சொல்லும். பரணின் உயரம் ஒரு கோடையின் விளைவைச் சொல்லும். கதவு நிலையிலே தேய்ந்த தடம் எத்தனை தலைமுறை அவ்வழி நடந்தது என்பதைச் சொல்லும். ஏழைகள் எழுதிவைத்த நூல்கள் குறைவு. அவர்கள் தொழில் செய்த இடத்தை இடிய விடுதல் அக்குறைந்த நூல்களையும் எரித்தலை ஒக்கும்.

இவ்விடைகள் வலியுடையனவாயினும் முழுமையானவை அல்ல. பயனற்ற கட்டடத்துக்கு எத்துணை முறை கூரையிட்டாலும் அது மீண்டும் ஒழுகும். ஆளில்லாத கூரையிலே முதற் பலகை நழுவும் நாளைக் காண்பார் எவருமிலர். ஆகையாற் களஞ்சியங்களைக் குடிமனைகளாக மாற்ற அனுமதிப்பதே மேல் என்று வாதிப்போரும் உண்டு. 2014ஆம் ஆண்டு முதல், பண்ணைக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதியின்றியே வீடுகளாக மாற்றுதற்கு இங்கிலாந்திற் பொதுவிதியொன்று இடமளித்தது. தேசியப் பூங்காக்களும் அட்டவணைக் கட்டடங்களும் அதிலிருந்து விலக்கப்பட்டன. யோர்க்‌ஷயர் டேல்ஸ் பூங்கா 2016ஆம் ஆண்டில் ஏற்ற திட்டத்திலே நடுவழியொன்றைத் தெரிந்தது. தெருவோரத்துக் களஞ்சியங்கள் குடியிருப்பாக மாறலாம். தனித்துப் புல்வெளியில் நிற்பவை அவ்வாறே நிற்க வேண்டும். ஊரிலே வீடின்றி வெளியேறும் இளந்தம்பதியரின் துயரும் அம்முடிவில் ஒரு காரணமாயிற்று. வீடாகிய களஞ்சியம் நிற்கும் என்பது மெய். ஆனால் சுவரிலே சாளரங்களும், முற்றத்திலே மோட்டார் வண்டிகளும், இருளிலே மின்னொளியும் வந்தபின் அது களஞ்சியமாக நிற்பதில்லை என்பதும் மெய்யே.

பேணாது விடுவதன் விளைவுக்கு லண்டனின் மேற்கெல்லையிலுள்ள ஹாமன்ஸ்வேத் களஞ்சியம் சான்றாகும். 1426, 1427ஆம் ஆண்டுகளில் வின்செஸ்ரர் கல்லூரியினருக்காக எழுந்த அக்கட்டடம் 192 அடி நீளமுடையது. அதன் ஓக்குச் சட்டங்கள் பெரும்பாலும் முதலிலே நாட்டியவையே. ஹீத்ரோ விமானத்தளத்தின் அயலிலே, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அது பண்ணைக்குப் பயன்பட்டது. பின்பு கைமாறிக் கைமாறி, 2006ஆம் ஆண்டிலே பெயரளவான விலைக்கு விற்கப்பட்டுப் பராமரிப்பின்றிக் கிடந்தது. கூரை ஓடுகள் நழுவின, மழை உட்புகுந்தது. 2009ஆம் ஆண்டில் இங்கிலிஷ் மரபுரிமை நிறுவனம் தன் சட்ட அதிகாரத்தைக் கொண்டு அவசரத் திருத்தங்களைச் செய்ய வேண்டியதாயிற்று. ஈற்றில், அக்களஞ்சியத்தை 20,000 பவுணுக்கு அது வாங்கிய செய்தி 2012ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளியாயிற்று. பின்னர் செய்த செப்பனீட்டுக்கோ அவ்விலையினும் பன்மடங்கு பணம் வேண்டியிருந்தது. நழுவிய ஓட்டை அன்றே வைக்காததற்கு நாடு செலுத்திய வட்டி அது.

மானியத் திட்டங்களும் நிலையாக ஓடிய ஆறுகள் அல்ல. சூழற் பராமரிப்புத் திட்டம் 2014ஆம் ஆண்டிலே புதியோருக்கு மூடப்பட்டது. அடுத்து வந்த திட்டத்திற் கட்டடச் செப்பனீட்டுக்குத் தொடக்கத்திற் பெரும்பாலும் இடமில்லை. வேலை நின்றபோது கைப்பணியாளர் வேறு தொழில் தேடிச் சென்றனர். கூரையோ மழைக்காலத்துக்குத் தவணை கேட்கவில்லை. 2018ஆம் ஆண்டிலே டாட்மூர், ஏரிப்பிரதேசம், நோர்தம்பலன்ட், பீக் பிரதேசம், யோர்க்‌ஷயர் டேல்ஸ் ஆகிய ஐந்து தேசியப் பூங்காக்களில் வரலாற்றுக் கட்டட மீட்பு மானியம் பரீட்சார்த்தமாக மீண்டும் தொடங்கியது. அதிலும் நூற்றுக்கு 80 பங்கு என்ற அளவே பின்பற்றப்பட்டது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கிய 2020ஆம் ஆண்டில் நிறைவேறிய கமத்தொழிற் சட்டம், பொதுநன்மைக்கே பொதுப்பணம் என்ற கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. இயற்கை மரபுரிமையோடு பண்பாட்டு மரபுரிமையைப் பேணுதலையும் அது நிதிபெறத்தக்க நோக்கங்களுள் ஒன்றாக எழுதியது. பாதுகாக்கப்பட்ட நிலத்தோற்றங்களிலுள்ள கமக்காரருக்கென 2021ஆம் ஆண்டிலே தொடங்கிய திட்டமும் இக்கொள்கையின் வழிப்பட்டதே.

எல்லாவற்றையும் காத்தல் இயலாது என்பதை இவ்வரலாறு மறைக்கவில்லை. ஆறாயிரம் களஞ்சியங்களுள் எவற்றுக்குக் கூரையிடுவது, எவற்றை இடிய விடுவது என்று தெரிவோர் ஒவ்வொரு முறையும் சிலவற்றை இழக்கவே தெரிகின்றனர். ஆயினும் காக்கத் தெரிந்தவற்றிலே ஒரு நியாயம் புலப்படுகின்றது. செலவை அரசே முழுதும் ஏற்கவில்லை. கமக்காரன் மீதே முழுதும் சுமத்தவுமில்லை. நூற்றுக்கு 80 பங்கு கொடுத்த பொதுமக்கள் அப்பள்ளத்தாக்கின் தோற்றத்திலே தமக்குரிய பங்கை ஒப்புக்கொண்டனர். எஞ்சிய 20 பங்கை இட்ட கமக்காரன், அது தன் முன்னோர் கட்டியது என்பதை ஒப்புக்கொண்டான். இருசாராரும் கணக்கிலே சேர்ந்தபோதே கூரை ஏறியது.

ஒரு காலத்திற் புதிய கொட்டில்களுக்கு மானியம் கொடுத்துப் பழந்தொழுவங்களை வெறிதாக்கிய அதே நாடு, ஒரு தலைமுறையின் பின் அத்தொழுவங்களைக் காக்கவும் மானியம் கொடுத்தது. இதனை முரண்பாடு என்று நகைப்பதிலும், பசித்த நாட்டின் தேவை ஒன்று, உண்டு தணிந்த நாட்டின் தேவை மற்றொன்று என்று உணர்வதே பொருத்தமாகும். சுவேல்டேல் பள்ளத்தாக்கில் இன்று பசுக்கள் நிற்காத தொழுவங்கள் பலவுண்டு. சிலவற்றிலே ஆடுகளும், சிலவற்றிலே வைக்கோலும், சிலவற்றிலே ஆந்தைகளும் குடியிருக்கின்றன. கூரை உறுதியாயிருக்கும் வரை, நாளைய கமக்காரன் அவற்றிற்குப் புதியதொரு பயனைக் காணும் வாய்ப்பு உண்டு. கூரை வீழ்ந்தபின் அவ்வாய்ப்பும் இல்லை.